மேலே இருந்த சக்கரம்

போன மாதம் என் மருமகள் அவள் செல்போனில் ஒரு வீடியோ காட்டினாள். எந்த ஊர் என்று தெரியவில்லை. வாய்க்கால் ஓரமாகக் கவிழ்ந்து கிடந்த டிராக்டரை ஜேசிபி வைத்து நிமிர்த்துகிறார்கள். சுற்றிலும் கூட்டம். நிமிர்ந்த கையோடு ஒருவர் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்புகிறார். எல்லோரும் கை தட்டுகிறார்கள். வீடியோ அதோடு முடிந்துவிட்டது.

"ஸ்டார்ட் ஆச்சா இல்லையான்னு காட்டவே இல்லையே மாமா" என்றாள்.

"காட்ட மாட்டாங்கம்மா. ஸ்டார்ட் ஆகியிருக்காது" என்றேன்.

கைதட்டலுக்கு முன்னால் அதில் ஒரு சத்தம் வருகிறது. மரக்கட்டையைத் தரையில் போட்ட மாதிரி, ஒரே ஒரு 'டொக்'. அவள் காதில் அது விழுந்திருக்காது. எனக்கு அந்தச் சத்தம் பழக்கம். அன்று சாப்பிடும்போதுகூட அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். வேலையில் இருந்த காலத்தில் நான் பார்த்த கவிழ்ந்த வண்டிகளைப் பற்றி எழுதலாம் என்று தோன்றியது அப்போதுதான்.

காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையில் இருந்த ஒரு டிராக்டர் சர்வீஸ் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். எங்கள் வீட்டில் பட்டுத் தறி. அண்ணன்கள் தறியில் உட்கார்ந்தார்கள். எனக்கு நூலைத் தொட்டாலே அறுந்துவிடும். அப்பா சலித்துப்போய் ஐ.டி.ஐ.யில் டீசல் மெக்கானிக் படிப்பில் சேர்த்துவிட்டார். அங்கே எஞ்சினின் பாகங்களைத் தெரிந்துகொண்டேன். எஞ்சினைத் தெரிந்துகொண்டது சத்தார் பாயிடம்.

சத்தார் பாய் எங்கள் பட்டறையின் மேஸ்திரி. ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து வந்தவர். பட்டறையில் வெள்ளைச் சட்டை போட்ட ஒரே ஆள். காலையில் எப்படி வந்ததோ அப்படியே சாயங்காலமும் அந்தச் சட்டை வீட்டுக்குப் போகும். அவர் வேலை செய்யாமல் இருந்ததால் அல்ல. எண்ணெய் எந்தப் பக்கம் தெறிக்கும் என்று அவருக்கு முன்கூட்டியே தெரியும்.

கவிழ்ந்த வண்டி வந்தால் அவர் முதலில் எஞ்சின் மூடியைத் திறக்க மாட்டார். வண்டியோடு வந்தவரை உட்காரவைத்து, டீ சொல்லிவிட்டு மெதுவாகப் பேச்சுக் கொடுப்பார். எந்தப் பக்கமாக விழுந்தது? விழுந்த பிறகு எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்ததா, நின்றுவிட்டதா? நிமிர்த்திய பிறகு யாராவது சாவியைத் தொட்டார்களா? இவ்வளவுதான். எப்படிக் கவிழ்ந்தது என்று மட்டும் கேட்கவே மாட்டார். நான் ஒரு முறை காரணம் கேட்டேன்.

"அது போலீஸ் கேக்கட்டும்பா. நாம கேட்டா ஆளு பயந்துக்குவான். பயந்துட்டான்னா அடுத்த கேள்விக்கும் நெசம் வராது. நமக்கு வண்டி என்ன பண்ணுச்சுன்னு தெரிஞ்சா போதும்" என்றார்.

நான் சேர்ந்த புதிதில், ஓரிக்கைப் பக்கம் பாலாற்றங்கரைச் சரிவில் நெல் மூட்டையோடு ஒரு டிராக்டர் கவிழ்ந்துவிட்டது. அரிசி ஆலைக்காரருடைய வண்டி. டிரைவர் குதித்துத் தப்பிவிட்டார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வண்டியை நிமிர்த்தி வைத்திருந்தார்கள். டிரைவர் சீட்டில் ஏறப்போனார். சத்தார் பாய் தூரத்திலிருந்தே கையைக் காட்டி அவரை இறங்கச் சொன்னார்.

அவர் அன்று செய்ததை நான் ஓய்வு பெறும்வரை அப்படியே செய்தேன். முதலில் பேட்டரி ஒயரைக் கழற்றினார். பிறகு குனிந்து, எஞ்சினும் கியர் பெட்டியும் சேரும் இடத்தை விரலால் தடவிக்கொண்டே வந்தார். லாரிக்கு அடியில் இரும்புச் சட்டம் இருக்கும். டிராக்டருக்கு அது கிடையாது. எஞ்சினும் கியர் பெட்டியும்தான் அதற்கு முதுகெலும்பு. கவிழும்போது அந்த இணைப்பில் விரிசல் விட்டால் கண்ணுக்குத் தெரியாது, விரல் நகத்தில் தட்டும். அடுத்தது ஏர் கிளீனர். அந்தக் காலத்து டிராக்டர்களில் காற்றை வடிகட்ட ஒரு கிண்ணத்தில் ஆயில் இருக்கும். வண்டி சாய்ந்ததும் அந்த ஆயில் காற்றுக் குழாய் வழியாக நேராக எஞ்சினுக்குள் இறங்கிவிடும். சத்தார் பாய் கிண்ணத்தைக் கழற்றி எனக்குக் காட்டினார். காலியாக இருந்தது.

"இதுல இருந்த ஆயில் எங்க போச்சு?"

நான் தரையைப் பார்த்தேன். அவர் எஞ்சினைத் தட்டினார்.

காற்றை அமுக்கலாம். ஆயிலை அமுக்க முடியாது. சிலிண்டருக்குள் ஆயில் தேங்கி நிற்கும்போது சாவியைத் திருப்பினால் பிஸ்டன் மேலே வந்து ஆயிலில் முட்டி நிற்கும். அதைத் தாங்கிப் பிடித்திருக்கும் இரும்புக் கை, கனெக்டிங் ராடு, வளைந்துவிடும். அப்போது வருவதுதான் நான் சொன்ன அந்த 'டொக்'.

அதனால் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களை முதலில் கழற்றிவிட வேண்டும். ஆயில் வெளியேற வழி கிடைக்கும். பிறகு எஞ்சினைக் கையால் சுற்ற வேண்டும். சத்தார் பாய் என்னைச் சுற்றச் சொல்லிவிட்டு எஞ்சினுக்குப் பின்பக்கமாகப் போய் நின்றுகொண்டார். நான் சுற்றினேன். இன்ஜெக்டர் இருந்த துவாரத்திலிருந்து கறுப்பு ஆயில் பீறிட்டு என் முகத்திலும் கழுத்திலும் அடித்தது. ஆலைக்காரர்கள் சிரித்தார்கள். சத்தார் பாய் சிரிக்கவில்லை. கை துடைக்க வைத்திருந்த நூல் கழிவை எடுத்து நீட்டிவிட்டு, "இன்னும் வரும். சுத்து" என்றார்.

எல்லாம் வடிந்து, புது ஆயில் ஊற்றி, டீசல் குழாயில் இருந்த காற்றை வெளியேற்றிவிட்டு ஸ்டார்ட் செய்தோம். ஊரே தெரியாத அளவுக்கு நீலப் புகை. திடீரென எஞ்சின் தானாக வேகமெடுத்தது. நிறுத்தும் கம்பியை இழுத்தேன், நிற்கவில்லை. மிச்சமிருந்த ஆயிலையே குடித்துக்கொண்டு ஓடுகிற எஞ்சின் டீசலை அடைத்தால் நிற்காது. சத்தார் பாய் இதற்காகவே ஒரு பலகையைக் கையில் வைத்துக்கொண்டு காற்றுக் குழாயின் பக்கத்தில் நின்றிருந்திருக்கிறார். குழாயின் வாயில் அதை வைத்து அழுத்தினார். எஞ்சின் இருமி அடங்கியது. பலகையைக் கீழே வைத்துவிட்டு, "இப்ப திரும்பப் போடு" என்றார். இரண்டாவது முறை வண்டி ஒழுங்காக ஓடியது.

அவர் ஓய்வு பெற்ற பிறகு மேஸ்திரி வேலை எனக்கு வந்தது. எத்தனையோ கவிழ்ந்த வண்டிகள் வந்தன. பெரும்பாலும் அவர் காட்டிய வழியிலேயே சரியாகிவிட்டன. ஒரு வண்டி மட்டும் வேறு மாதிரி. அந்த வீட்டாரின் பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

மாகறல் பக்கத்துக் கிராமம். தேவராஜ் என்பவர் கூலி உழவுக்குச் சொந்தமாக டிராக்டர் வாங்கி ஓட்டிக்கொண்டிருந்தார். அவருடைய அப்பாவும் தாத்தாவும் அதே ஊர் நிலங்களில் கூலிக்கு நடவு நட்டவர்கள். வண்டி வந்த நாளில் சர்ச்சுக்கு முன்னால் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டதாக அவர் எங்களிடம் சொன்னதுண்டு. சர்வீசுக்கு வரும்போது தானே கழுவித் துடைத்துத்தான் கொண்டுவருவார். ஒரு கோடைமழை நாளில் ஏரிக்கரை மேல் போகும்போது கரை ஓரம் சரிந்து, வண்டி வலப்பக்கமாகச் சாய்ந்துவிட்டது. வலது பின்சக்கரத்துக்கும் அதன் மேல் தகட்டுக்கும் கீழே தேவராஜ் மாட்டிக்கொண்டார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

முப்பதாவது நாள் பூசை முடிந்த பிறகு அவருடைய அண்ணன் அந்தோணி வண்டியை இழுத்துக்கொண்டு வந்தார். பெரிய உடம்பு. பேசும்போது கண்ணைப் பார்க்காமல் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். டீ வாங்கிக் கொடுத்துவிட்டு வழக்கமான கேள்விகளைக் கேட்டேன்.

"நாங்க யாரும் சாவியத் தொடல மேஸ்திரி. நான் போனதும் மொத வேலையா பேட்டரி ஒயரத்தான் புடுங்கினேன். டீசல் ஒழுகிக்கினு இருந்துச்சு, தீ புடிச்சுக்குமோன்னு பயம். அப்புறம்தான் ஜேசிபி வந்து தூக்குச்சு. பேட்டரிய கழட்டி ஊட்டுக்கு எடுத்துக்கினு போயிட்டேன். இன்னும் அங்கதான் இருக்குது" என்றார்.

நல்ல மனிதர், யோசித்துத்தான் செய்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு வேலையை ஆரம்பித்தேன். இணைப்பில் விரிசல் இல்லை. ஏர் கிளீனர் கிண்ணம் காலி. இன்ஜெக்டர்களைக் கழற்றிவிட்டு எஞ்சினைச் சுற்றப் பார்த்தேன், அசையவில்லை. எங்கே பிடிக்கிறது என்று தேடியதில், ஸ்டார்ட்டர் மோட்டாரின் பல் சக்கரம் எஞ்சினின் பல்லில் போய் மாட்டி இறுகிக் கிடந்தது. அதைக் கழற்றிய பிறகு எஞ்சின் சுற்றியது, நடு சிலிண்டரிலிருந்து ஆயில் வந்தது. இன்ஜெக்டர் துவாரம் வழியாக ஒரு கம்பியை விட்டு மூன்று பிஸ்டன்களும் எவ்வளவு உயரம் வருகின்றன என்று பார்த்தேன். நடு பிஸ்டன் மற்ற இரண்டையும்விட ஒரு நெல் நீளம் தாழ்வாக நின்றது.

ராடு வளைந்திருக்கிறது. யாரோ சாவியைத் திருப்பியிருக்கிறார்கள்.

அந்தோணியிடம் சொன்னேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "என் தம்பி மேல சத்தியமா யாரும் தொடல மேஸ்திரி" என்றார். அவர் பொய் சொல்லவில்லை என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அப்படியானால் அவர் ஒயரைப் பிடுங்குவதற்கு முன்பே அது நடந்திருக்க வேண்டும். யோசிக்காமல் கேட்டுவிட்டேன்.

"நீங்க போறப்ப அங்க யாரு இருந்தாங்க?"

"ஸ்டெல்லா மட்டும்தான். தம்பி பொண்டாட்டி. சோறு எடுத்துக்கினு போயிருந்துச்சு. அதுதான் எனக்கு போன் பண்ணுச்சு."

அதற்குமேல் நான் கேட்கவில்லை. சில வண்டிகளில் ஆயில் எப்படியோ இறங்கி இப்படி ஆகும் என்று எதையோ சொல்லி மழுப்பினேன். அவர் நம்பினாரா என்று தெரியாது. புது ராடு போட வேண்டும், வண்டி யார் பெயரில் இருக்கிறதோ அவர் வந்து பார்த்துச் சம்மதம் சொல்ல வேண்டும் என்றேன். எங்கள் பட்டறையில் அது வழக்கம். கழற்றிய பாகத்தை உடைமைக்காரரிடம் காட்டாமல் புதிது போட மாட்டோம். தேவராஜுக்குப் பிறகு வண்டி ஸ்டெல்லாவுக்குத்தான்.

அவர்கள் இருவரும் வந்த அன்று பெருமாள் கோயிலில் கருட சேவை. ஊருக்குள் எந்த வண்டியையும் விடவில்லை. ராடு வாங்க டவுனுக்குப் போன அந்தோணி சுற்றுவழியில் நடந்துதான் வர முடியும். பட்டறைப் பையன்களும் சாமி பார்க்கப் போய்விட்டார்கள். பட்டறையில் நானும் ஸ்டெல்லாவும் மட்டும்.

முப்பது வயதைத் தாண்டியிருக்காது. கையில் ஒரு துணிப்பை, அதை மடியில் வைத்து இறுக்கிப் பிடித்திருந்தார். வளைந்த ராடையும், அதே எஞ்சினிலிருந்து கழற்றிய நல்ல ராடையும் பலகை மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். தனியாகப் பார்த்தால் தெரியாது. சேர்த்து வைத்தால் நடுவில் வெளிச்சம் தெரியும்.

வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார். "இது எதனாலண்ணா வளைஞ்சுது?"

பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "எஞ்சினுக்குள்ள ஆயில் எறங்கி இருந்திருக்குது. அப்ப யாரோ சாவியத் திருப்பியிருக்காங்கம்மா" என்றேன்.

அவர் ராடிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நான்தான் திருப்புனேன்."

ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர் எதிரில் உட்கார்ந்தேன்.

"எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. சும்மா ஸ்டார்ட் பண்ண, நிறுத்த அவரு கத்துக்குடுத்திருந்தாரு. நான் போறப்ப எஞ்சின் நின்னு கெடந்துச்சு. அவரு பேசிக்கினுதான் இருந்தாரு. மூச்சு முட்டுது ஸ்டெல்லா, தள்ளு தள்ளுன்னாரு. நான் எப்படித் தள்ளுவேன்? சத்தம் போட்டுப் பாத்தேன், ஒருத்தரும் இல்ல. பின்னாடி எடுத்தா சக்கரம் அவர விட்டு வந்துடும்னு நெனச்சு பின் கியர்ல தள்ளி சாவியத் திருப்புனேன். டொக்குன்னுச்சு. சக்கரம் அசஞ்சுது. அவரு ஒரு மாதிரி முனகுனாரு. அதுக்கப்புறம் அவரு பேசவே இல்லண்ணா."

வளைந்த ராடை விரலால் தொட்டு, "சக்கரத்த அவரு மேல நான்தான் ஏத்திட்டேன். யாருகிட்டயும் சொல்லல. எங்க மாமாகிட்ட எப்படிச் சொல்றது" என்றார். மாமா என்றது அந்தோணியை.

அப்படி எதுவும் இருக்காதும்மா என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் அந்த நேரத்தில் எனக்கே அது தெரியாது. தெரியாததை ஆறுதலுக்காகச் சொன்னால், அவர் வீட்டுக்குப் போய் யோசித்துப் பார்க்கும்போது அது நிற்காது. அதனால் எழுந்து வண்டியிடம் போனேன்.

கிளட்ச் மிதிக்காமல் ஸ்டார்ட்டர் சுற்றாதபடி அந்த வண்டியில் ஒரு சுவிட்ச் உண்டு. அது வேலை செய்தால் சக்கரத்துக்கும் எஞ்சினுக்கும் அப்போது தொடர்பே இருந்திருக்காது, பிரச்சினை அதோடு தீர்ந்தது. குனிந்து பார்த்தேன். பல டிராக்டர்களில் செய்வதுபோல அதிலும் அந்தச் சுவிட்சை விட்டுவிட்டு ஒயரை நேராக முறுக்கி விட்டிருந்தார்கள். அப்படியானால் சக்கரம் அசைந்தது உண்மைதான்.

திரும்பி வந்து, "கிளட்ச் மிதிச்சீங்களாம்மா?" என்று கேட்டேன்.

"எட்டல."

"எந்தச் சக்கரம் அசஞ்சுது?"

அவர் என்னைப் பார்த்தார். கேள்வி புரியவில்லை என்று நினைக்கிறேன்.

"வண்டி சாஞ்சு கெடந்துச்சு. ஒரு பின்சக்கரம் கீழ, அவருகிட்ட. இன்னொண்ணு மேல, ஆகாசத்துல. நீங்க பாத்தது எது?"

"மேல இருந்தது" என்றார். "என் மொகத்துக்கு நேரா இருந்துச்சு. சேறு அப்பியிருந்துச்சு. இவ்ளோ அசஞ்சுது." இரண்டு விரலைச் சேர்த்துக் காட்டினார்.

"கீழ இருந்தத பாத்தீங்களா?"

"இல்ல. மேல அசஞ்சா கீழயும் அசையும்தானே?"

சேற்றில் ஒரு சக்கரம் மாட்டிய வண்டியை ஓட்டியவர்களுக்குத் தெரியும். மாட்டிய சக்கரம் அப்படியே நிற்கும், வழுக்குகிற சக்கரம்தான் சும்மா சுற்றும். பின் அச்சின் நடுவில் இருக்கும் டிஃபரன்ஷியல் செய்கிற வேலை அது. எந்தப் பக்கம் தடை இல்லையோ, சுழற்சி முழுவதையும் அந்தப் பக்கம் அனுப்பிவிடும். இரண்டையும் சேர்த்துச் சுற்ற வைக்கவும் ஒரு மிதி உண்டு. டிஃபரன்ஷியல் லாக் என்போம். அது அன்று அழுந்திக் கிடந்திருந்தால் நான் சொல்லப்போவது எல்லாம் பொய். அது வலப்பக்கம்தான் இருக்கிறது, வண்டி விழுந்த பக்கம். மண்டியிட்டுப் பார்த்தேன். வளையவில்லை, மண்ணும் அடைக்கவில்லை. கையால் அழுத்திவிட்டேன், ஸ்பிரிங் உடனே மேலே தள்ளியது. பல முறை அழுத்திப் பார்த்தேன்.

பிறகு இடது பின்சக்கரத்துக்கு ஜாக்கி வைத்துத் தூக்கினேன். வலது சக்கரம் தரையில். இரண்டு டயரிலும் சாக்பீஸால் ஒரு கோடு, அதற்கு நேராக மண்ணில் ஒரு கோடும் மேலே மட்கார்டில் ஒரு கோடும் போட்டேன். அவர் சொன்ன அதே பின் கியரில் போட்டேன். ராடு கழற்றிய எஞ்சின்தான் என்றாலும் கையால் சுற்ற முடியும். பிஸ்டன் ஆயிலில் முட்டுவதற்கு முன் எவ்வளவு சுற்றியிருக்குமோ அவ்வளவு சுற்றினேன்.

தூக்கியிருந்த சக்கரம் இரண்டு விரல் அகலம் நகர்ந்தது.

"கீழ இருக்கறத பாருங்கம்மா."

ஸ்டெல்லா பையை வைத்துவிட்டு வந்து தரையில் உட்கார்ந்தார். வலது டயரின் கோடு மண்ணில் இருந்த கோட்டுக்கு நேராகவே இருந்தது. "இன்னொரு வாட்டி சுத்துங்க" என்றார். சுற்றினேன். இந்த முறை உள்ளங்கையை டயரின் மேல் வைத்துக்கொண்டார். பிறகு என்னை நகரச் சொல்லிவிட்டு, நான் சுற்றப் பயன்படுத்திய கம்பியை வாங்கித் தானே எஞ்சினைச் சுற்றினார். சுற்றிவிட்டு ஓடிவந்து கோட்டைப் பார்த்தார். மறுபடி போனார். எத்தனை முறை என்று நான் எண்ணவில்லை. நிறுத்தவும் சொல்லவில்லை.

கடைசியில் டயரில் சாய்ந்து உட்கார்ந்தார். "அப்ப அவரு ஏன் முனகுனாரு?"

"அது எனக்குத் தெரியாதும்மா. எஞ்சின் முட்டி நின்னப்ப வண்டி குலுங்கியிருக்கும். அது அவர என்ன பண்ணுச்சுன்னு நான் சொல்ல முடியாது. சக்கரம் அவரு மேல சுத்தல. அது மட்டும் எனக்குத் தெரியும்."

அவர் அழுதார். நான் குடத்திலிருந்து தண்ணீர் மொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டு வாசலில் போய் நின்றுகொண்டேன். தூரத்தில் நாதஸ்வரம் கேட்டுக்கொண்டிருந்தது.

அந்தோணி புது ராடோடு வியர்த்து வழிய வந்தார். ஸ்டெல்லா எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "மாமா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றார். நான் வெளியே போகத் திரும்பினேன். "நீங்களும் இருங்கண்ணா" என்றார். எல்லாவற்றையும் சொன்னார், எதையும் விடவில்லை. அந்தோணி ராடைக் கையில் வைத்துக்கொண்டே நின்றிருந்தார். முடிந்ததும் என்னிடம், "அந்தச் சக்கரத்த எனக்கும் காட்டுங்க மேஸ்திரி" என்றார். காட்டினேன்.

டயரைப் பார்த்தபடியே அவர் சொன்னார்: "எனக்கு வண்டி ஓட்டத் தெரியும். நான் மொதல்ல போயிருந்தா நானும் அதேதான் பண்ணியிருப்பேன்." ஸ்டெல்லாவின் தலையில் ஒரு கணம் கையை வைத்தார். பிறகு, "மதியம் சாப்டியா?" என்று கேட்டார். அவர் இல்லை என்றார். இருவரும் எதிரில் இருந்த ஓட்டலுக்குப் போனார்கள்.

வண்டி சரியாகி ஓடியது. சாவியைத் திருப்பியது நான்தான். ஸ்டெல்லா பட்டறைக்கு வெளியே சாலையில் நின்றார். கொஞ்ச காலம் அந்தோணி உழவுக்கு ஓட்டினார், பிறகு விற்றுவிட்டார்கள். ஸ்டெல்லா இப்போது அதே ஊரில் சத்துணவுக் கூடத்தில் சமையல் வேலை செய்கிறார்.

இதை எழுதுவதற்கு முன் அவரைப் போய்ப் பார்த்தேன். வேண்டாம் என்றால் விட்டுவிடலாம் என்றுதான் போனேன். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து முழுவதையும் கேட்டார்.

"எழுதுங்கண்ணா. பேர மட்டும் மாத்திடுங்க" என்றார். நான் கிளம்பி வண்டியில் உட்கார்ந்த பிறகு வாசல்வரை வந்தார். "அசஞ்சது மேல இருந்த சக்கரம்னு தெளிவா எழுதுங்க. படிக்கிறவங்க மாத்திப் புரிஞ்சுக்கப் போறாங்க."